கொச் கிராமத்து வண்டி

ஹங்கேரியில், புடாவிலிருந்து வியன்னாவுக்குப் போகும் பழைய சாலையில் கொச் என்றொரு கிராமம் இருக்கிறது. இன்றைக்கும் சின்ன ஊர்தான். பதினைந்தாம் நூற்றாண்டில், மாத்யாஷ் மன்னர் ஆண்ட காலத்தில் (1458–1490), அந்த ஊர் வண்டித் தச்சர்கள் பாரம் குறைந்த, விரைந்து ஓடக்கூடிய குதிரை வண்டி ஒன்றைச் செய்து பெயர் வாங்கினார்கள். ஹங்கேரிய மொழியில் ஊர்ப்பெயரின் கடைசியில் ஒரு இகரத்தைச் சேர்த்தால் 'அந்த ஊருடைய' என்று பொருள். ஆகவே அது 'கொச்சி' வண்டி. நாளாக நாளாக வண்டி என்ற சொல் உதிர்ந்து ஊர்ப்பெயரே வண்டியின் பெயராக நின்றுவிட்டது. 'வீட்டில் ஒரு பத்தமடை இருக்கிறது' என்றால் பாய் என்று நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா, அது போல.

வண்டி நன்றாக ஓடினால் பெயரும் கூடவே ஓடும். ஜெர்மனியில் அது குட்ஷே ஆயிற்று, பிரான்சிலும் ஸ்பெயினிலும் கோஷ், கோச்சே ஆயிற்று, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக்குப் போய் 'கோச்' ஆயிற்று. ஹங்கேரியர்கள் இன்று மோட்டார் காரையும் கொச்சி என்றே சொல்கிறார்கள். ஸ்பெயினில் கோச்சே என்றால் கார்தான்.

இதே சொல் இன்று சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேறொரு வேலை பார்க்கிறது. அங்கே 'கோச்' என்றால் ஓர் ஆள். மேலாளர்களுக்குத் தனியாக ஒரு கோச், புதிதாகப் பதவி உயர்ந்தவருக்கு ஒரு கோச், வாழ்க்கைக்கே ஒரு கோச். வண்டி எப்படி வாத்தியார் ஆனது என்பது சுவாரசியமான கதை. அது மட்டுமல்ல, பணியிடங்களில் ஆட்களைப் பழக்கும் முறையில் எங்கே கோளாறு இருக்கிறது என்பதும் இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தமிழில் இந்தச் சொல் முதலில் வண்டியாகவே வந்தது. ஜமீன்தார்களும் துரைமார்களும் போன கோச்சு வண்டி, அதை ஓட்டிய கோச்மேன். பிறகு ரயில் வந்தது. ரயிலில் கோச் நம் வாயில் 'பெட்டி' ஆகிவிட்டது. மனிதர்கள் உட்காரும் இடத்துக்கு நாம் வைத்த பெயர் சாமான் வைக்கும் இடத்தின் பெயர். பண்டிகைக்கு முந்தின நாள் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறியவர்கள் இதைப் பொருத்தமில்லை என்று சொல்ல மாட்டார்கள். இலங்கைத் தமிழர்களிடம் சொல் வேறு வழியில் போனது. அங்கே கோச் முழு ரயிலுக்கே பெயராகி, சிங்களத்தில் 'கோச்சிய' என்றும் தமிழில் 'கோச்சி' என்றும் வழங்கியது. 1956-ல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி, யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கோச்சிதான். போரால் 1990-ல் நின்று, 2014-ல் மறுபடி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்ததும் கோச்சிதான். ஹங்கேரியில் கொச்சி, யாழ்ப்பாணத்தில் கோச்சி. இடையில் எத்தனையோ மொழிகளைக் கடந்து, ஆங்கிலத்தில் விழுந்துபோன இகரம் ஈழத்தில் தற்செயலாக மறுபடி ஒட்டிக்கொண்டது. (இலங்கையில் கொச்சிக்காய் என்றால் மிளகாய். அது கேரளத்துக் கொச்சியின் பெயரால் வந்தது என்பார்கள். இந்த வண்டிக்கும் அந்த உறைப்புக்கும் சம்பந்தமில்லை.)

இனி வாத்தியார். 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் தங்களுக்குள் கேலியாக ஒரு சொல்லைப் புழங்கினார்கள். தேர்வுக்குத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைக் 'கோச்' என்றார்கள். ஏறி உட்கார்ந்தால் போதும், தேர்வு என்ற ஊருக்கு அவரே கொண்டுபோய் இறக்கிவிடுவார் என்பது கேலியின் உட்பொருள். பயணி நடக்க வேண்டாம், வழி தெரிந்திருக்க வேண்டாம், கூலி கொடுத்தால் போதும்.

கேலிச்சொல்லை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியது கேம்பிரிட்ஜ். அங்கே டிரைபாஸ் என்ற கணிதத் தேர்வில் முதல் வகுப்பில் தேறியவர்கள் ராங்லர்கள், அவர்களில் முதலிடம் பெற்றவர் சீனியர் ராங்லர். தரவரிசை நாடே பேசும் செய்தி. வில்லியம் ஹாப்கின்ஸ் என்பவர் திருமணமானவர் என்பதால் அன்றைய விதிப்படி கல்லூரி ஃபெலோ ஆக முடியவில்லை. தனியாகப் பாடம் சொல்லிப் பிழைத்தார். அவரிடம் படித்தவர்களில் 17 பேர் சீனியர் ராங்லர் ஆனார்கள். ஸ்டோக்ஸ், கெய்லி, கெல்வின், மாக்ஸ்வெல் எல்லாரும் அவருடைய வண்டியில் ஏறியவர்கள்தான். 1854-ல் மாக்ஸ்வெல்லை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி முதலில் வந்த எட்வர்டு ரௌத், பின்னாளில் ஹாப்கின்ஸையும் மிஞ்சும் கோச் ஆனார். மின்காந்தவியலுக்குச் சமன்பாடுகள் தந்த மாக்ஸ்வெல் இரண்டாவது, தேர்வைத் தேர்ந்த ரௌத் முதலாவது. இந்த வண்டி எந்த ஊருக்குப் போகக் கட்டப்பட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அதே முறையில் படித்து 1898-ல் நான்காம் ராங்லரான ஒருவர் அதை மனதார வெறுத்தார். ஜி.எச். ஹார்டி. கோச்சிங் தந்த எரிச்சலில் கணிதத்தையே விட்டுவிட்டு வரலாறு படிக்கப் போகலாமா என்று யோசித்தவர். பின்னர் டிரைபாஸைச் சீர்திருத்தப் போராடியவர்களில் முன்னால் நின்றார். தரவரிசைப் பட்டியல் கடைசியாக வந்தது 1909-ல்.

ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த ஹார்டியின் பெயர் வந்துவிட்டால் கும்பகோணத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. 1903 வாக்கில் பள்ளி மாணவன் ராமானுஜன் கையில் ஒரு புத்தகம் சிக்கியது. ஜி.எஸ். கார் எழுதிய, ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிய, பெரும்பாலும் நிரூபணம் இல்லாத கணிதத் தொகுப்பு. அந்த கார் ஒரு கோச். தன்னிடம் தேர்வுக்குப் படித்த மாணவர்களுக்காக எழுதிவைத்த குறிப்புகளைத் திரட்டித்தான் அவர் அந்தப் புத்தகத்தைப் போட்டார். அது வண்டிக்காரன் இல்லாத வண்டியாகக் கும்பகோணத்துக்கு வந்தது. ஏற்றிக்கொண்டு போக ஆள் இல்லாததால் ராமானுஜன் ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிறுவிப் பார்க்க வேண்டியிருந்தது. தேர்வில் தேற்றுவதற்காகப் பிறந்த அந்தப் புத்தகத்தில் மூழ்கிய மாணவர் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார், பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். கணித மேதையும் ஆனார். கோச் என்ற சொல்லின் வரலாற்றில் இதைவிட அழகான திருகல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

நம் ஊரில் இந்த வணிகத்தின் பெயர்கள் மாறியதையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். முதலில் டியூஷன். அது லத்தீனில் காவல் காப்பதைக் குறித்த சொல். பிறகு டுடோரியல், பலகையில் தனிப்பயிற்சிக் கல்லூரி. இப்போது கோச்சிங் சென்டர். டியூஷன் போனவன் படிப்பில் கொஞ்சம் மந்தம், டுடோரியல் போனவன் ஃபெயில், கோச்சிங் போகிறவன் கெட்டிக்காரன் என்று ஊர் நினைக்கிறது. தொழில் ஒன்றேதான், பெயர் மாற மாற மரியாதை கூடியிருக்கிறது.

விளையாட்டுக்கு இந்தச் சொல் போனது 1860-களில், படகுப் போட்டி வழியாக. ஆற்றில் எட்டுப் பேர் துடுப்பு வலிப்பார்கள். கோச் கரையோரப் பாதையில் குதிரைமேல் கூடவே வந்து, சத்தம் போட்டுத் திருத்துவார். இங்கேதான் உருவகம் சத்தமில்லாமல் தலைகீழானது. தேர்வுக் கோச் மாணவனைச் சுமந்தார். படகுக் கோச் யாரையும் சுமக்கவில்லை, வலிப்பது வலிப்பவர்களின் கைகள்தான். பெயர் பழைய பெயரே, உள்ளே ஆள் மாறிவிட்டது. நிறுவனங்கள் பின்னால் கடன் வாங்கியது இந்த இரண்டாவது கோச்சை. 1974-ல் டிமோதி கால்வே டென்னிஸ் ஆடுபவரின் மனத்துக்குள் நடக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். கட்டளை இடுவதைக் குறைத்தால் ஆடுபவரே கவனித்துக் கற்றுக்கொள்வார் என்பது சாரம். அவருடைய வழியில் வந்த ஜான் விட்மோர் 1992-ல் எழுதிய நூல் அதை அலுவலகத்துக்குக் கொண்டுபோனது. இலக்கு என்ன, இப்போது எங்கே நிற்கிறாய், என்னென்ன வழிகள் உண்டு, எதைச் செய்யப் போகிறாய் என்று கேள்வி கேட்டே நடத்தும் முறை அவர் பரப்பியது. விட்மோர் முன்னாளில் கார்ப் பந்தய வீரர். கோச் வண்டியின் கதையில் கடைசியில் ஒரு நிஜ ஓட்டுநர் வந்து சேர்ந்தது வேடிக்கை.

1995-ல் இந்தக் கோச்சுகளுக்கென்று அமெரிக்காவில் ஓர் உலகச் சங்கம் தொடங்கினார்கள். சுருக்கப் பெயர் ஐ.சி.எஃப். சென்னைவாசிகளுக்கு இந்த மூன்றெழுத்து வேறொன்றைச் சொல்லும். 1955 அக்டோபர் 2 அன்று நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை. ஒரே பெயர், ஒரே 'கோச்', நாற்பது வருட இடைவெளி. ஒன்று மனிதர்களைப் பயிற்றுகிற ஐ.சி.எஃப்., இன்னொன்று பெட்டி செய்கிற ஐ.சி.எஃப். ஆனால் பல தலைமுறை இளைஞர்கள் பற்றவைப்பும் ஃபிட்டர் வேலையும் கற்று வெளியே வந்தது பெட்டி செய்கிற இடத்தில்தான்.

கோச் மட்டும் வண்டி இல்லை. இந்தத் துறையின் சொற்களைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள், சக்கரச் சத்தம் கேட்கும். 'கேரியர்' என்பது லத்தீனில் வண்டியைக் குறித்த சொல்லிலிருந்து, வண்டி ஓடும் பாதை என்ற பொருள் வழியாக வந்தது. 'கரிக்குலம்' லத்தீனில் ஓட்டம், பந்தயம், பந்தயத் தேர். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவருக்கு நடத்தும் 'ஆன்போர்டிங்' என்பது கப்பலில் ஏற்றுவது. ஏற்றியவரை 'ட்ராக்கில்' போடுகிறார்கள்.

'ட்ரெயினிங்' இவற்றில் மூத்தது, ரயிலையும்விட மூத்தது. மூலம் லத்தீனில் 'இழு' என்று பொருள்படும் வினை. பின்னால் இழுபட்டுவரும் அங்கியின் நீண்ட நுனி, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வரிசை, கடைசியாக என்ஜின் இழுக்கும் வண்டித்தொடர் எல்லாம் 'ட்ரெயின்' ஆனது அப்படித்தான். கற்பிப்பது என்ற பொருளும் இழுப்பதிலிருந்தே வந்தது: வேண்டிய வடிவத்துக்கு இழுத்து வளைப்பது. தோட்டக்காரர் கொடியைக் கம்பியில் இழுத்துக் கட்டுவதை இன்றும் ஆங்கிலத்தில் 'ட்ரெயின்' என்றே சொல்கிறார்கள். நாம் கொடியைப் பந்தலில் படரவிடுகிறோம்.

இலக்கணத்தைப் பாருங்கள். ட்ரெயின் என்ற வினையில் எழுவாய் இழுப்பவர். இழுபடுபவருக்கு 'ட்ரெயினி' என்று பெயர். அந்த ஈறு பிரெஞ்சுச் செயப்பாட்டுவினையிலிருந்து வந்தது, செய்கை யார்மேல் விழுகிறதோ அவரைக் குறிக்கும். ஆக, கற்றுக்கொள்கிறவர் வாக்கியத்தில் செயப்படுபொருள். இது வெறும் இலக்கண விளையாட்டு என்று தள்ள முடியவில்லை, ஏனென்றால் நிறுவனங்கள் பயிற்சியைக் கணக்கெடுப்பதும் அப்படியே. எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரம், எத்தனை சான்றிதழ். ஏற்றிய சரக்கும் இறக்கிய சரக்கும் என்கிற லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கு. இரண்டு நாள் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்துவிட்டு, மூன்றாம் நாள் பழைய நாற்காலியில் பழைய மாதிரியே வேலை செய்கிறவரை இந்தக் கணக்கு 'பயிற்சி பெற்றவர்' என்றுதான் எழுதிக்கொள்ளும்.

இழுப்பதால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் உலகப்போர் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தொழிற்சாலை மேற்பார்வையாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் நடத்தியது. வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து, செய்துகாட்டி, செய்யவைத்து, கூட நின்று பார்த்து, பிறகு விடுவது. தொழிற்சாலையைப் பார்த்தே இராத லட்சக்கணக்கானவர்கள் சில வாரங்களில் வேலைக்குத் தயாரானார்கள். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவின் முறைகளுக்குள் கலந்தது. ஆனால் அதில் ஓடிய வண்டி அரங்கில் நிற்கவில்லை, இயந்திரத்தின் பக்கத்தில் நின்றது.

ஆங்கிலத்திலேயே கற்பவரை எழுவாயாக வைத்த பழைய சொல் ஒன்று உண்டு. 'அப்ரண்டிஸ்.' லத்தீனில் பற்றிப்பிடிப்பதைக் குறித்த வினையின் வழிவந்தது. பற்றிக்கொள்கிறவன் அப்ரண்டிஸ். இங்கிலாந்தில் 1563-ல் வந்த சட்டம் ஏழு வருடம் ஒருவரிடம் இருந்து கற்காமல் தொழில் செய்யக் கூடாது என்றது. 1814-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். ஆலைகள் பெருகிய காலத்தில் ஏழு வருடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. பற்றுகிறவன் போனான், இழுபடுகிறவன் வந்தான்.

இந்திய அரசு 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் கொண்டுவந்தபோது தமிழில் அதற்கு வைத்த பெயர் தொழில் பழகுநர் சட்டம். மொழிபெயர்ப்புத் துறையில் யார் வைத்த பெயரோ, கையெடுத்துக் கும்பிடலாம். 'பயிற்சியாளர்' என்ற சொல்லை வைத்திருந்தால் குழப்பம்தான். கிரிக்கெட் பக்கத்தில் பயிற்சியாளர் என்றால் சொல்லிக்கொடுப்பவர், ஐ.டி.ஐ. அறிவிப்புகளில் பயிற்சியாளர் என்றால் படிக்க வந்த பையன். பழகுநர் என்பதில் அந்தத் தடுமாற்றமே இல்லை.

தமிழ் வினைகளில் கற்பவரே அடி. பழகு என்பதிலிருந்துதான் பழக்கு, பயில் என்பதிலிருந்துதான் பயிற்று, கல் என்பதிலிருந்துதான் கற்பி. கற்பிப்பவர் பின்னால் ஒட்டிக்கொண்டவர். பயில் என்பதற்கு நெருங்குதல், சேர்ந்திருத்தல், அடிக்கடி நிகழ்தல் என்றெல்லாம் பழம்பொருள்கள் உண்டு. பழகு என்பதோ இன்னும் ஒரு படி மேலே போகும். மெக்கானிக் ஷெட்டில் 'பையன் வேலை பழகுறான்' என்கிறோம், பக்கத்து வீட்டாரோடு 'நல்லாப் பழகுவாங்க' என்கிறோம். வேலையைப் பழகுவதும் மனிதரோடு பழகுவதும் ஒரே வினை. இரண்டையும் பிரித்தால் தொழில் வராது என்பது பட்டறை தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

இதை ஆராய்ச்சியாகச் செய்துகாட்டியவர் மானுடவியலாளர் ஜீன் லேவ். மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகியவர்களைக் கவனித்தார். அங்கே துணியை வெட்டி, தைத்து, கடைசியில் பொத்தான் வைப்பது உடை உருவாகும் வரிசை. வேலை பழகும் வரிசை நேர்மாறு. முதலில் பொத்தானும் ஓரத் தையலும், பிறகு தையல், கடைசியில்தான் வெட்டு. பொத்தானில் தப்பு செய்தால் பிரித்துக்கொள்ளலாம், வெட்டில் தப்பு செய்தால் துணி போச்சு. அதோடு, முடிந்த உடையைத் தினமும் கையில் வைத்திருப்பவனுக்கு அதன் முழு உருவம் மனதில் பதிந்துவிடுகிறது. நம் ஊர்த் தையல் கடையிலும் புதுப்பையனுக்குக் காஜாவும் பட்டனும்தான், கத்தரி கட்டிங் மாஸ்டர் கையில். இந்தப் பாடத்திட்டத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. 1991-ல் லேவும் எட்டியென் வெங்கரும் சேர்ந்து எழுதிய நூல், கற்பது என்பது ஒரு கூட்டத்தாரின் வேலையில் ஓரமாக நுழைந்து மெல்ல மையத்துக்கு நகர்வது என்று வாதிட்டது.

1998-ல் கல்வி ஆய்வாளர் அன்னா ஸ்ஃபார்ட் இந்த விவகாரத்தை இரண்டு உருவகங்களாகப் பிரித்துக் காட்டினார். அறிவைப் பொருளாக ஈட்டிச் சேர்ப்பது ஒன்று, பங்கெடுப்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது ஆபத்து என்றும் அவர் எச்சரித்தார். அது நியாயம். பழகு என்ற சொல்லைத் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்கள் பட்டறையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முதல் வருடம் முழுக்க டீ வாங்கிவரவும் ஸ்பானர் எடுத்துக்கொடுக்கவும் மட்டுமே ஆகிப்போன பையன்கள் எத்தனை பேர். சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுக்காமல் மறைத்துவைத்த மாஸ்டர்கள் எத்தனை பேர். பழகு என்பதைப் பழமையோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. பழகினதையே செய்வது என்ற ஆபத்து அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. புது இயந்திரம் வரும்போது பழக்கம் உதவாது, யாராவது உட்காரவைத்து விளக்கத்தான் வேண்டும். அப்போது வண்டி வரட்டும். ஏறி இறங்கியபின் நடக்க இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்றைய விதிப்படி 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்கள், தங்கள் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழில் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் எண்ணிக்கையைக் கேட்கிறது, அதனால் நிறுவனமும் எண்ணிக்கையைக் காட்டுகிறது. பல இடங்களில் பழகுநர் என்பது குறைந்த உதவித்தொகைக்கு முழு வேலை செய்கிறவரின் பெயராகிவிட்டது. நல்ல பெயர் வைத்துவிட்டதால் நல்ல காரியம் நடந்துவிடாது.

மனிதவளத் துறையில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பு முடிந்ததும் நீங்கள் நீட்டும் கருத்துப் படிவத்தில் பயிற்சியாளர் எப்படி, அரங்கு எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்கிறீர்கள். எல்லாம் பயணியிடம் கேட்கும் கேள்விகள். இவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள்: அடுத்த மாதம் இந்த வேலையை நீங்கள் யாருக்குப் பக்கத்தில் நின்று செய்து பழகப் போகிறீர்கள்? அந்த இடத்தில் எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், வகுப்பை ஒத்திவைத்துவிட்டு முதலில் அந்த ஆளைத் தேடுங்கள்.